நில எடுப்பும் லயத்து வீடும்: கேமரன் மலையை முன்வைத்து

1. கேள்வி

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், 'அக்கறையுள்ளவர்' யார் என்பதைத் தன் இரண்டாம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. நிலம் எடுக்கப்படுவதால் வரும் இழப்பீட்டில் பங்கு கோரும் எவரும் அக்கறையுள்ளவர்தான். ஆனால் உரிமையாளரின் விருப்பம் உள்ளவரை மட்டும் தங்கியிருக்கும் குடியிருப்பாளர் இதில் சேரமாட்டார். இந்த விலக்கு ஒரு துணை வாக்கியம் அளவுக்கே நீளமானது. சட்ட மாணவர்கள் பெரும்பாலும் நின்று பார்க்காமல் கடந்துவிடும் இடம் அது. இந்தக் கட்டுரை அங்கே நின்று பார்க்க விரும்புகிறது.

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்து, தோட்ட லயத்திலேயே பிறந்து வளர்ந்து, பிள்ளைகளைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அணைக்காகவோ நெடுஞ்சாலைக்காகவோ அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதியை அரசு எடுத்தால், அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? இன்னும் பொதுவாகக் கேட்டால், அரசு தனியார் சொத்தை எடுக்கும்போது சொத்தே இல்லாதவருக்கு நேரும் இழப்பைச் சட்டம் எந்தக் கணக்கில் எழுதுகிறது?

நில எடுப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வுக்கு வருபவர்கள் பொதுவாக மூன்று கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: பொது நோக்கம் என்பது எது, நடைமுறை நேர்மையானதா, இழப்பீடு போதுமானதா. மூன்றுமே முக்கியமானவை, மூன்றும் சொத்துடையவரிடமிருந்தே தொடங்குகின்றன. தோட்டப் பாட்டாளியின் கேள்வி இவற்றுக்கு முந்தையது. இந்த விசாரணையில் அவருக்கு இருக்கை உண்டா என்பதே அது.

2. சட்டம் இயங்கும் விதம்

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. சட்டப்படி அல்லாமல் எவரிடமிருந்தும் சொத்தைப் பறிக்கக்கூடாது. போதுமான இழப்பீடு இல்லாமல் சொத்தைக் கட்டாயமாக எடுக்கவோ பயன்படுத்தவோ எந்தச் சட்டமும் வழிசெய்யக்கூடாது. இந்தப் பாதுகாப்பு குடிமகனுக்கு மட்டும் என்று சொல்லப்படவில்லை. எந்த நபருக்கும் உரியது. இந்த நுணுக்கம் பின்னால் தேவைப்படும்.

நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கூட்டரசுக்கு நிலம் வேண்டுமென்றாலும் அரசியலமைப்பின் 83ஆவது பிரிவின்படி மாநிலத்திடம்தான் கேட்க வேண்டும். எடுப்புக்கான முதல் அறிவிப்பு நில எடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் வருகிறது. 8ஆம் பிரிவின் பிரகடனம் வெளியானதும், எடுப்பது உறுதியாகிவிடுகிறது. இரண்டு ஆண்டுக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பு வராவிட்டால் பிரகடனம் காலாவதியாகும். இடையில் மாவட்ட நில நிர்வாகி 'இ' படிவம் அனுப்பி விசாரணைக்கு நாள் குறிப்பார். அறிவிப்புக்கும் விசாரணைக்கும் இடையில் குறைந்தது 21 நாள் இருக்க வேண்டும்.

இழப்பீட்டின் அளவுகோல்களைச் சட்டத்தின் முதலாம் அட்டவணை சொல்கிறது. சந்தை விலை, நிலம் துண்டுபடுவதால் வரும் சேதம், மீதமுள்ள சொத்துக்கு நேரும் கேடு, குடியிருப்பையோ தொழிலிடத்தையோ மாற்ற வேண்டியிருந்தால் அதற்கு ஆகும் நியாயமான செலவு ஆகியவை கணக்கில் சேரும். எடுப்பின் அவசரமும், நிலத்தைவிட்டுப் பிரிய உரிமையாளருக்கு உள்ள மனமின்மையும் கணக்கில் சேரக்கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் 23, 24ஆம் பிரிவுகளைப் படித்தவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதாகத் தோன்றாது. சேர்க்க வேண்டியவையும் தள்ள வேண்டியவையும் ஏறக்குறைய அதே வரிசையில் நிற்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு. கட்டாயமாக எடுப்பதற்கு ஈடாக இந்தியச் சட்டம் சந்தை விலைக்கு மேல் 15 விழுக்காடு ஆறுதல் தொகை கொடுத்தது. பின்னர் அது 30 ஆனது, 2013இல் 100 ஆனது. மலேசியச் சட்டத்தில் அப்படியொரு தொகை இல்லை.

1991ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தச் சட்டத்தின் தன்மையையே மாற்றியது. நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை தரும் என்று மாநில அதிகாரம் கருதினால் போதும். தனியொருவருக்காகவோ தனியார் நிறுவனத்துக்காகவோ நிலம் எடுக்கலாம். எடுத்தபிறகு வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினாலும் வேறொருவருக்குக் கைமாற்றினாலும் அதைக் காட்டி எடுப்பைச் செல்லாததாக்க முடியாது என்று 68ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் கீலோ வழக்கில் 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் பொருளாதார வளர்ச்சிக்கான எடுப்பை ஏற்றபோது அந்த நாடே கொதித்தது. அதைவிட விரிவான அதிகாரத்தை மலேசிய நாடாளுமன்றம் 14 ஆண்டு முன்பே சட்டப் புத்தகத்தில் எழுதிவிட்டிருந்தது.

நீதிமன்றங்களும் மாநிலத்தின் பக்கமே சாய்ந்திருந்தன. சையத் ஒமார் அல்சாகோஃப் வழக்கில் 1979இல் பிரிவி கவுன்சில், பொது நோக்கம் எது என்பதில் மாநிலத்தின் பிரகடனமே முடிவானது என்றது. குலசிங்கம் வழக்கில் 1982இல் கூட்டரசு நீதிமன்றம், எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் கட்டத்தில் உரிமையாளர் தன் தரப்பைச் சொல்ல உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. 2017இல்தான் காற்று சற்றுத் திசைமாறியது. காஜாங்–சிரம்பான் நெடுஞ்சாலைக்காக எடுத்த நிலம் பற்றிய செமினி ஜெயா வழக்கில், இழப்பீட்டுத் தொகையில் மதிப்பீட்டாளர்களின் முடிவே இறுதியானது என்ற 40டி பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் அறிவித்தது. நீதித்துறை அதிகாரம் நீதிபதியிடம்தான் இருக்க வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பு நில உரிமையாளர்களுக்குப் பெரிய வெற்றி. அந்த வெற்றி லயத்தை எட்டவில்லை.

3. ஒரே மலை, நான்கு வகை உரிமை

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த இந்த மேட்டுநிலத்துக்குத் தாப்பாவிலிருந்து சாலை ஏறியது 1930களின் தொடக்கத்தில். அதற்குச் சற்று முன்பு, 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். சிலோனில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை. 1933இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலை வந்தது. காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திக் கன்று நட்டவர்களில் பெரும் பங்கு தமிழர்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை உதவி கொடுத்து அனுப்பி வைப்பதை நிறுத்தியபின், மலையில் இருந்தவர்களின் பிள்ளைகளே அடுத்த தலைமுறைத் தொழிலாளர்கள் ஆனார்கள்.

இந்த மலையில் நிலத்தோடு உறவுள்ளவர்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பட்டா வைத்திருக்கும் தோட்ட நிறுவனமும் பிற உரிமையாளர்களும். சட்டம் இவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது.

இரண்டாவது, காய்கறியும் பூவும் பயிரிடும் விவசாயிகளில் பலர். இவர்கள் டிஓஎல் என்று ஊரார் சொல்லும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் அரசு நிலத்தைப் பயன்படுத்துபவர்கள். தேசிய நிலச் சட்டத்தின் 65ஆம் பிரிவிலிருந்து வரும் இந்த உரிமம் எந்த மாதம் வாங்கினாலும் டிசம்பர் 31ஆம் தேதி முடிந்துவிடும். விற்கவோ மகனுக்கு எழுதிவைக்கவோ முடியாது. பசுமைக் குடிலுக்கும் நீர்க்குழாய்க்கும் லட்சக்கணக்கில் முதலீடு செய்தவரின் காகிதமும் ஓராண்டுக் காகிதம்தான். சட்டத்தின் கண்ணில் மாநிலம் இவரிடமிருந்து நிலத்தை 'எடுப்பதில்லை', புதுப்பிக்காமல் விடுகிறது. இழப்பீடு என்ற கேள்வி எழுவதில்லை.

மூன்றாவது, செமாய், தெமியார் இனத்தைச் சேர்ந்த ஒராங் அஸ்லி. இவர்களுக்கு 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடிகள் சட்டம் உண்டு. அதன் 11ஆம் பிரிவு பழமரங்களுக்கு ஈடு கொடுக்கச் சொல்கிறது. 12ஆம் பிரிவு, நிலம் எடுத்தால் மாநிலம் இழப்பீடு 'கொடுக்கலாம்' என்கிறது.

நான்காவது, தோட்டப் பாட்டாளி. இவருக்கு நிலம் பற்றிய சட்டத்தில் பெயரே இல்லை. இருப்பது தொழிற்சட்டத்தில். தொழிலாளர் குடியிருப்புத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், முதலாளி தரும் வீட்டுக்குத் தண்ணீரும் கூரையும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வீட்டில் எத்தனை ஆண்டு இருந்தால் என்ன உரிமை என்று சொல்வதில்லை. வேலை போனால் வீடும் போகும். 1980ஆம் ஆண்டுப் பணிநீக்கப் பயன் விதிகள்படி ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 30 ஆண்டு கொழுந்து பறித்தவருக்கு 600 நாள் சம்பளம். இது வேலைக்கு ஈடு, வீட்டுக்கு இல்லை.

லயத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் சட்டத்தின் இந்த வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும். கேமரன் மலையின் குளிருக்கு நிறுவனம் கட்டிக்கொடுத்த இரண்டு அறை போதாது என்று பின்பக்கம் தகரம் வேய்ந்து அடுப்படியை நீட்டிக் கட்டியிருப்பார்கள். வெந்நீருக்கு விறகடுப்பு, பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி, வேலியில் சௌசௌக் கொடி. சிமெண்டும் தகரமும் குடும்பத்தின் காசு; மணல் சுமந்தது குடும்பத்தின் தோள். தேசிய நிலச் சட்டத்தின் வரையறைப்படி நிலத்தோடு நிலையாகப் பொருந்தியது எல்லாம் நிலமே. ஆகவே அந்த அடுப்படி மதிப்பிடப்பட்டால் அதன் விலை பட்டாதாரரின் கணக்குக்குப் போகும். அனுமதி இல்லாமல் கட்டியது என்று தள்ளப்பட்டால் யாருக்கும் போகாது. மாரியம்மன் கோயிலுக்கும் இதே கதிதான். கோயிலைக் கட்டியது தொழிலாளர் சந்தா. அது நிற்கும் மண் நிறுவனத்தின் பட்டா. போ தோட்டத்திலும் சுங்கை பாலாஸிலும் புளூ வேலியிலும் தோட்டத்தின் பெயரைத் தாங்கித் தமிழ்ப்பள்ளிகள் நடந்துவருகின்றன. தோட்ட மண்ணில் நிற்கும் பள்ளிகள் பல, நிலம் அரசுடையது அல்ல என்ற காரணத்தால் நாடெங்கும் 'பகுதி உதவி பெறும் பள்ளி' என்ற வகைக்குள் நெடுங்காலம் வைக்கப்பட்டவை. நிலத்தின் பெயரில் இருந்த இல்லாமை பள்ளியின் கழிப்பறை வரை எட்டியது.

இங்கே சட்டத்தில் ஒரு விநோதம் இருக்கிறது. 'இ' படிவ அறிவிப்பை யாரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்று சொல்லும் 11ஆம் பிரிவு, பதிவு பெற்ற உரிமையாளரோடு நிலத்தில் குடியிருப்பவரையும் சேர்த்துக் குறிப்பிடுகிறது. குடியிருப்பவரைத் தேடிப்போய்ச் செய்தி சொல்லச் சட்டம் கட்டளையிடுகிறது; இழப்பீட்டின் கட்டத்தில் இரண்டாம் பிரிவு அவரை வெளியே நிறுத்துகிறது. இடம்பெயரும் செலவைக் கொடுக்கச் சொல்லும் முதலாம் அட்டவணையின் வாசகமும் அக்கறையுள்ளவருக்கு மட்டுமே பயன்படும். உண்மையில் மூட்டை கட்ட வேண்டியவர் லயத்தில் இருப்பவர். இடம்பெயர்வுச் செலவு கோரும் தகுதி, கோலாலம்பூரில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு.

4. அடோங், சகோங்: நீதிமன்றம் திறந்த வழி

சட்டத்தில் பெயர் இல்லாதவருக்கு நீதிமன்றம் இடம் கொடுத்த வரலாறு மலேசியாவில் உண்டு. ஜொகூரின் லிங்கியு அணைக்காக 53 ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட காடு எடுக்கப்பட்டது. அங்கே வாழ்ந்த ஜாக்கூன் குடும்பங்களுக்குப் பழமரங்களுக்கும் பயிர்களுக்கும் மட்டும் ஈடு கொடுத்தார்கள். 52 குடும்பத் தலைவர்கள் தொடுத்த அடோங் பின் குவாவ் வழக்கில் உயர் நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட்டை இழப்பீடாக விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் அதை உறுதிசெய்தது.

தொகையைவிட முக்கியமானது, நீதிபதி மொக்தார் சிடின் இழப்பை எப்படிப் பகுத்தார் என்பது. மூதாதையர் நிலத்தை இழந்தது, குடியிருக்கவும் நடமாடவும் இருந்த சுதந்திரத்தை இழந்தது, காட்டின் விளைபொருளை இழந்தது, தனக்கும் குடும்பத்துக்கும் இருந்த எதிர்கால வாழ்வாதாரத்தை இழந்தது, வருங்காலச் சந்ததிக்கான வாழ்வாதாரத்தை இழந்தது என ஐந்து. இந்த ஐந்தில் எதற்கும் பட்டா தேவைப்படவில்லை. சந்தை விலை என்ற ஒற்றை அளவுகோலைவிட்டு, ஒரு மனிதர் ஓரிடத்தில் வாழ்வதால் பெறுவது என்ன என்ற கேள்வியை ஒரு மலேசிய நீதிமன்றம் முதன்முறையாக நேருக்கு நேர் எதிர்கொண்டது இங்கேதான் என்று சொல்லலாம்.

அடுத்து வந்த சகோங் பின் தாசி வழக்கு சிலாங்கூரின் புக்கிட் தம்போய் கிராமத்துத் தெமுவான் மக்களுடையது. கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக ஏறக்குறைய 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. 2002இல் உயர் நீதிமன்றம், 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டும் இதை வழக்காற்று நிலவுரிமை என்று ஏற்று, நில எடுப்புச் சட்டத்தின்படி இழப்பீடு தரவேண்டும் என்றன. பூர்வகுடிகள் சட்டத்தின் 'கொடுக்கலாம்' என்ற வாசகம், 13ஆவது பிரிவின் ஒளியில் போதுமான இழப்பீட்டைக் கொடுக்க வேண்டிய கடமையாகிவிட்டது. 2010இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

மேல்முறையீட்டுத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கோபால் ஸ்ரீராம்தான் 1996இல் 'தான் தெக் செங்' வழக்கில், அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு சொல்லும் 'உயிர்' என்பதில் வாழ்வாதாரமும் அடங்கும் என்று எழுதியவர். இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்து வைத்துப் படித்தால் தோட்டப் பாட்டாளிக்கு ஒரு வாதம் உருவாகிறது. ஆனால் அந்த வாதத்தை நீதிமன்றம் கேட்கும் அளவுக்கு வளர்க்க ஆய்வுலகம் உதவவில்லை.

5. ஆய்வுலகின் பிளவு

ஒராங் அஸ்லி நிலவுரிமைக்கு நல்ல ஆய்வுகள் வாய்த்தன. கோலின் நிக்கலஸின் முனைவர் ஆய்விலிருந்து வளர்ந்து 2000இல் வெளியான நூல், வளங்களுக்கான போட்டியில் ஒராங் அஸ்லி எப்படி ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள் என்று காட்டியது. அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் யோகேஸ்வரன் சுப்பிரமணியம், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் ஆய்வில் தீபகற்ப மலேசியாவின் சட்டத்தை ஐக்கிய நாடுகளின் பூர்வகுடிகள் பிரகடனத்தோடு ஒப்பிட்டு எடைபோட்டார். நீதிமன்றத்தில் வாதமும் பல்கலைக்கழகத்தில் ஆய்வும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன.

தோட்டத் தமிழர் பற்றிய ஆய்வும் கனமானதே. ராமசாமியும் செல்வகுமாரன் ராமச்சந்திரனும் 1994இல் வெளியிட்ட நூல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. ஆனால் அவை கூலி, சங்கம், முதலாளியம், வறுமை என்ற சட்டகத்தில் நிற்பவை. சொத்துச் சட்ட ஆய்வாளர் தோட்டப் பாட்டாளியைத் தொழிற்சட்டத்துக்கு அனுப்பிவிடுகிறார். தொழிலாளர் ஆய்வாளர் வீட்டைக் கூலியின் ஒரு பகுதியாகக் கணக்கிட்டு முடித்துவிடுகிறார். சொத்தாகவும் கூலியாகவும் முழுமையாக அடங்காத அந்த வீட்டைப் பற்றிப் பேசுவதற்குரிய துறை இல்லாமல் போனது.

1950களின் தோட்டத் துண்டாடல் காலத்தில் இந்தக் கேள்வி அரசியலாக எழுந்தது. பிரிட்டிஷ் நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். உங்கு அஜீஸ் அதை ஆய்ந்து அறிக்கை தந்தார். துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கி, தொழிலாளர்களின் மாதச் சந்தாவில் தோட்டங்களை வாங்கினார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அவற்றில் முதலாவது. தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்ந்து, 40 எக்டருக்குக் குறையாத தோட்டங்களைக் கைமாற்ற அனுமதி தேவை என்றானது. சம்பந்தனின் வழி கண்ணியமானது. சட்டத்தின் பார்வையில் மிகப் பழமையானதும் கூட. தொழிலாளி உரிமை பெற வேண்டுமானால் உரிமையாளராக மாற வேண்டும் என்பதை அது ஒப்புக்கொண்டது. தனியார் விற்பனைக்குத் தடுப்பு வந்தது. அரசே எடுக்கும்போது தொழிலாளிக்கு என்ன என்ற கேள்வியை யாரும் சட்டத்தில் எழுதவில்லை.

அதன் விலை பின்னர் தெரிந்தது. கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் தோட்டம் 1980 வாக்கில் கூட்டரசின் கைக்குப் போனது. அதன் ஒரு பகுதியில் 1998 காமன்வெல்த் போட்டிகளுக்கான அரங்கம் எழுந்தது. எஞ்சியிருந்த 41 குடும்பங்கள் ஒரு வீட்டுக்காக 2011 வரை போராட வேண்டியிருந்தது. பினாங்கின் கம்போங் புவா பாலாவில் பழைய பிரவுன் தோட்டத்துத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் 2009இல் நீதிமன்றத்தில் தோற்றார்கள். டிஓஎல் முடிந்தபின் நிலத்தில் உரிமை இல்லை என்ற நிலைப்பாடே வென்றது. புல்டோசர் வந்தபோது அவர்கள் கையில் இருந்தது அரசியல்வாதிகளின் வாக்குறுதி.

கேமரன் மலையில் இதுவரை அரசு நிலத்தை மாற்றியமைத்ததில் பெரும் பங்கு நீர்மின் திட்டங்களுடையது. 1963இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணை ரிங்லெட் ஏரியை உண்டாக்கியது. பெர்த்தாம் ஆற்றில் சூசு அணை கட்டப்பட்டு, 372 மெகாவாட் உலு ஜெலாய் திட்டம் 2016இல் இயங்கத் தொடங்கியது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவு கடந்து சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குள் பாய்ந்து உயிர்களைப் பறித்தது. அணைக்குக் கீழே குடியிருப்பதும் ஒருவகையில் அரசுக்கு நிலத்தைப் பயன்படுத்தக் கொடுத்திருப்பதுதான். 13ஆவது பிரிவில் 'பயன்படுத்த' என்ற சொல்லும் இருக்கிறது. இதை நில எடுப்பாக வாதிடுவது எளிதல்ல என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்.

6. அயல் சான்றுகள்

இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நில எடுப்பு, மறுவாழ்வு, மீள்குடியமர்வுச் சட்டம் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற புதிய வரையறையைத் தந்தது. நிலம் இல்லாவிட்டாலும், எடுப்புக்கு முன் மூன்று ஆண்டு அந்த இடத்தை முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்டிருந்த விவசாயத் தொழிலாளர், குத்தகையாளர், கைவினைஞர் அதில் அடங்குவர். இதைத்தான் மலேசியச் சட்டத்தில் தேடிக் காணமுடியவில்லை.

ஆனால் இந்தியாவைப் புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. தமிழ்நாட்டின் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. குத்தகை முடியும் முன்பே, 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு என்று அறிவித்து வெளியேறத் தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தந்த தீர்ப்பில், தொழிலாளர்கள் மலையிலேயே தங்கும் உரிமை ஏற்கப்படவில்லை. மறுவாழ்வு உதவி அரசின் பொறுப்பானது. இங்கே அரசு எதையும் 'எடுக்கவில்லை'. குத்தகை முடிகிறது, அவ்வளவுதான். 2013 சட்டத்தின் வரையறை எவ்வளவு அகலமானாலும், எடுப்பு என்ற பெயர் இல்லாத இடத்தில் அதைப் பயன்படுத்த முடியாது. டிஓஎல் விவசாயியின் கதையும் இதுவே.

இலங்கையில் 1972, 1975ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. நிறுவனங்கள் இழப்பீடு பற்றிப் பேச்சு நடத்தின. மலையகத் தமிழருக்கு நிலம் கிடைக்கவில்லை. நீலகிரியில் 1969ஆம் ஆண்டுக் கூடலூர் ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்துத் தேயிலை நிறுவனமான பால்மடீஸ் தொடுத்த வழக்கு 1972இல் உச்ச நீதிமன்றம் வரை போய், காடுகள் பற்றிய பகுதி விழுந்தது. பின் அந்தச் சட்டம் ஒன்பதாம் அட்டவணைக்குள் வைக்கப்பட்டு, 2007இல் கொயலோ வழக்கு என்ற அரசியலமைப்பு மைல்கல்லாகியது. இந்திய அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பற்றிய ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு ஒரு மலைத்தோட்டத்து நிலத்தகராறிலிருந்து பிறந்தது என்பதை நம் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம். அந்த வழக்கின் வாதங்களிலும் மையத்தில் இருந்தது உரிமையாளரே.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஃபிராங்க் மைக்கல்மன் 1967இல் எழுதிய கட்டுரை இங்கே உதவுகிறது. ஈடு கொடுக்காமல் எடுக்கும்போது, இழந்தவருக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் ஏற்படும் மனமுறிவும் ஒரு செலவு என்று அவர் வாதிட்டார். அரசு அதைச் சமூகக் கணக்கில் சேர்க்க வேண்டும். இழந்தவர் சொத்துடையவர் என்று அவரும் கொண்டிருந்தார். ஆனால் வாதத்துக்கு அது அவசியமில்லை. புக்கிட் ஜாலிலைப் பார்த்த மற்றத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஏற்பட்ட அவநம்பிக்கைக்குப் பட்டா தேவைப்பட்டதா?

7. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: ஒராங் அஸ்லியின் உரிமை இந்த மண்ணில் முதலில் இருந்ததிலிருந்து வருகிறது, குடியேறியவர்கள் அதைக் கடன் வாங்க முடியாது. இது சரி. கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகள் சில செமாய் மக்களின் நடமாட்ட நிலமாக இருந்தவை என்பதை மறந்து தமிழர் உரிமை பேசுவது நேர்மையல்ல. நான் கேட்பது பூர்வ உரிமையல்ல. அடோங் தீர்ப்பின் ஐந்து வகைகளில் முதலாவதை அவர்களுக்கே விட்டுவிடலாம். வாழ்வாதாரம், குடியிருப்பு பற்றிய மற்றவை எந்த மனிதருக்கும் பொருந்தும்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது: வேலையோடு தரப்பட்ட வீடு வேலையோடு முடியும் என்று தெரிந்தே வந்தார்கள். ஒப்பந்தம் தெளிவு. இதற்குப் பதிலாக, 1991இல் மலேசிய உச்ச நீதிமன்றம் தந்த போஹாரி பின் தாயிப் தீர்ப்பைக் காட்டலாம். அரசின் ஊக்குவிப்போடு நிலத்தில் இறங்கியவர்களை வெறும் அத்துமீறிகளாகக் கருத முடியாது, அவர்களது தரப்பு முழு விசாரணைக்குரியது என்றது அது. 1982இல் சிடேக் வழக்கில் புறம்போக்குக் குடியிருப்பாளருக்கு எந்த உரிமையும் இல்லை என்ற கடுமை அங்கே தளர்ந்தது. காலனி அரசின் சட்டமும் குடியேற்ற நிதியும் துணைநிற்கக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் நிலையும் அழைக்கப்பட்டு வந்தவரின் நிலைதான். வேலை ஒப்பந்தத்தை முடிப்பது முதலாளியாக இருக்கும்வரை அந்த ஒப்பந்தம் பேசட்டும். அதை முடிப்பது அரசின் பிரகடனமாக இருந்தால், ஒப்பந்தத்தின் பின்னால் அரசு ஒளிந்துகொள்ள முடியாது.

மூன்றாவது, பலர் தயங்கிச் சொல்வது: லயங்களில் இன்று தமிழர் எத்தனை பேர்? வங்காளதேசத்தவரும் நேபாளியரும் இந்தோனேசியரும்தான் பெரும்பாலும் கொழுந்து வெட்டுகிறார்கள். தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தானா ராத்தாவிலும் ஈப்போவிலும் வேலை தேடிவிட்டார்கள். உண்மை. இது என் வாதத்தைக் குறைப்பதில்லை; அதை இன்னும் கூர்மையாக்குகிறது. 13ஆவது பிரிவு 'நபர்' என்கிறது. தமிழருக்கு 1930களில் இல்லாத இருக்கை இன்று சில்ஹெட்டிலிருந்து வந்தவருக்கும் இல்லை. நம் சமூகத்தின் பழைய காயத்தை முன்வைத்துப் பேசுபவர்கள் இன்று அதே லயத்தில் படுத்திருப்பவரையும் சேர்த்துப் பேசாவிட்டால், வாதம் இன அரசியலாகச் சுருங்கிவிடும்.

8. செய்யவேண்டியவை

இரண்டாம் பிரிவின் விலக்கு நீங்க வேண்டும். அல்லது அதற்குப் பக்கத்திலேயே, குறிப்பிட்ட காலம் அந்த நிலத்தில் வேலையோடு குடியிருந்தவரை இடம்பெயர்வுச் செலவுக்கும் மாற்று வீட்டுக்கும் உரியவராக்கும் ஒரு வரி சேர வேண்டும். முதலாம் அட்டவணையில் உள்ள இடம்பெயர்வு வாசகமே போதும். அது யாருக்கு என்பதை மட்டும் மாற்றினால் போதும். கோயிலுக்கும் பள்ளிக்கும் தனியாக ஒரு விதி தேவை. நிலத்தின் விலையில் அவற்றைக் கரைக்கக் கூடாது. டிஓஎல் விஷயம் நில எடுப்புச் சட்டத்தால் தீராது. அதற்குத் தேசிய நிலச் சட்டத்தைத் தொட வேண்டும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 11ஆம் பிரிவு குடியிருப்பவருக்கு அறிவிப்பு சேர்க்கச் சொல்கிறது என்பதைத் தோட்டக் கோயில் நிர்வாகங்களும் பள்ளி வாரியங்களும் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைகளும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எந்த வீட்டில் யார், எந்த ஆண்டிலிருந்து, எந்தப் பகுதியைத் தங்கள் காசில் கட்டினார்கள் என்ற பதிவேட்டை, 4ஆம் பிரிவு அறிவிப்பு வரும் முன்பே, ஒவ்வொரு லயத்துக்கும் எழுதிவையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு கிடைப்பது 21 நாள்.